கட்டைகளுக்கு நடுவே ஒரு சுரம்: புளூஸ் பியானோ கற்ற வரலாறு



என் பாட்டி பால்மரம் சீவியவர். பத்து பெரண்டாமுக்கு அப்பால் இருந்த ஒரு தோட்டம். இப்போது அங்கே வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. லயத்தில் ஒரு சாவு என்றால் ஒப்பாரி சொல்லப் பாட்டியைத்தான் கூப்பிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி. ஆனால் லோரி ஓட்டியவருக்கு ஒரு மாதிரி, பிள்ளை பெற்று இறந்தவளுக்கு வேறு மாதிரி என்று ஆளுக்குத் தகுந்தாற்போல வரிகள் வந்து விழும். மெட்டு மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். "எப்படிப் பாட்டி உடனே வருது?" என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன். "மொத வரியை ரெண்டு தடவ சொல்லுவேன்ல, அதுக்குள்ள அடுத்தது வந்துரும்மா" என்றார்.

முப்பது வயதைத் தாண்டியபின் நான் கீபோர்டு கற்கப் போனேன். தாளைப் பார்த்து வாசிப்பேன், தாளை எடுத்துவிட்டால் கை நின்றுவிடும். ஒருநாள் பாட்டியின் மெட்டைத் தேடிப் பார்த்தேன். 'ஸ' கிடைத்தது, 'ம', 'ப' கிடைத்தன. 'க' மட்டும் உட்காரவே இல்லை. கருப்புக் கட்டையை அழுத்தினால் கீழே இருக்கிறது, பக்கத்து வெள்ளைக் கட்டையை அழுத்தினால் மேலே போய்விடுகிறது. சொல்லிக்கொடுத்தவரிடம் கேட்டபோது, "அப்படி ஒரு சுரம் இதில் கிடையாது" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் இதே சிக்கல் நூறு வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவில் வேறு சிலருக்கும் வந்திருக்கிறது, அவர்கள் அதற்கு ஒரு வழியும் கண்டார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

மிசிசிப்பி ஆற்றையொட்டிய பருத்தித் தோட்டங்களில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான பாட்டு புளூஸ். 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்தபிறகும் அந்த ஆப்பிரிக்க அமெரிக்க மக்கள் அதே நிலத்தில், அதே முதலாளியிடம், கடனில் உழைத்தார்கள். வேலைப் பாட்டு, வயலில் ஒருவரை ஒருவர் கூப்பிடும் கூவல், தேவாலயப் பாட்டு எல்லாம் சேர்ந்து புளூஸ் ஆனது. அதே காலத்தில்தான் நம் ஊரிலும் ஒரு தோட்ட உலகம் தொடங்குகிறது. 1896-இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் அப்படி நட்ட முதல் ஆள் அவர்தான். அதன்பின் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் வந்தார்கள். இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அடிமை முறை வேறு, ஒப்பந்தமும் கங்காணி முறையும் வேறு. மாணவர்கள் கட்டுரையில் இந்த இரண்டையும் குழப்பி எழுதினால் நானே மதிப்பெண் குறைப்பேன். ஆனால் எழுத்தில்லாத மக்கள் தோட்டத்தில் பாட்டை எப்படிக் கட்டினார்கள் என்று பார்த்தால் ஒற்றுமை இருக்கிறது.

புளூஸ் பாட்டின் ஒரு கண்ணி பெரும்பாலும் மூன்று வரி. முதல் வரியைப் பாடுவார்கள். அதையே மறுபடி பாடுவார்கள். மூன்றாவது வரி பதில் மாதிரி வந்து முடியும். இரண்டாவது முறை பாடும்போதே பாடகருக்கு மூன்றாவது வரியை யோசிக்க நேரம் கிடைக்கிறது. பாட்டி சொன்ன அதே கணக்கு! இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு வரிக்கும் நான்கு அளவு, மூன்று வரிக்குப் பன்னிரண்டு அளவு. அளவுக்கு நான்கு எண்ணிக்கை என்றால் மொத்தம் 48. நம் கணக்கில் ஆதி தாளம் ஆறு ஆவர்த்தனம். முதல் நான்கு அளவு 'ஸ'வை அடியாகக் கொண்ட சுரக்கூட்டு, அடுத்த இரண்டு 'ம', மறுபடி இரண்டு 'ஸ', பிறகு 'ப' ஒன்று, 'ம' ஒன்று, கடைசி இரண்டு 'ஸ'. இதுதான் எளிய வடிவம். பியானோவில் இடது கை இந்தச் சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வாசிக்கும். வலது கை அதன்மேல் தன் மனம்போல் வாசிக்கும். மனம்போல் என்றாலும் 48-ஆவது எண்ணிக்கையில் வீடு திரும்பியாக வேண்டும்.

வலது கை பெரும்பாலும் ஐந்து சுரத்தில் நடக்கும். ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், ப, கைசிகி நிஷாதம். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது சுத்த தன்யாசி என்று உடனே புரியும். தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்கள் ஏழு சுரம் பண், ஐந்து சுரம் திறம் என்று படித்திருப்பீர்கள். அந்தத் திறம்தான். இதோடு பிரதி மத்தியமத்தையும் தொட்டுச் சென்றால் புளூஸ் சுர வரிசை ஆகிவிடும். ராகம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். சுரம்தான் ஒன்று, நடை முழுக்க வேறு.

இப்போது அந்த 'க' விஷயத்துக்கு வருவோம். புளூஸ் பாடகர் காந்தாரத்தைக் கருப்புக் கட்டையிலும் வைக்கமாட்டார், வெள்ளைக் கட்டையிலும் வைக்கமாட்டார். இடையில் எங்கோ வைத்து, அங்கிருந்து மேலே இழுப்பார். நிஷாதமும் அப்படித்தான். நீலச் சுரம் என்று இதற்குப் பெயர். கித்தார் வாசிப்பவருக்குக் கவலை இல்லை. 1903-ஐ ஒட்டி டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசைக்குழுத் தலைவர் மிசிசிப்பியில் டட்வைலர் என்ற சிற்றூர் ரயில் நிலையத்தில் காத்திருந்தபோது, கிழிந்த உடை போட்ட ஒருவர் கித்தார் தந்தியின்மேல் கத்தியை அழுத்தி இழுத்து வாசித்ததைக் கேட்டதாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கத்தி வழுக்கும்போது எல்லா இடைச் சுரமும் வந்துவிடும். நம் கோட்டு வாத்தியத்தில் கட்டையால் தந்தியை வழித்து வாசிப்பதும் அதே உத்திதான். ஹேண்டி அந்தப் பாட்டுகளை எழுத்தில் அமைத்து 1912-இல் 'மெம்பிஸ் புளூஸ்', 1914-இல் 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' என்று வெளியிட்டார்.

பியானோக்காரருக்கு அந்த வசதி இல்லை. கட்டை செய்த தச்சன் எங்கே நிறுத்தினானோ அங்கேதான் சுரம். அதனால் அவர்கள் ஏமாற்றக் கற்றார்கள்! கருப்புக் கட்டையில் விரலை வைத்து, அது ஒலிக்கும்போதே பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு வழுக்கவிடுவது. அல்லது இரண்டையும் சேர்த்தே அடித்துவிடுவது. காது இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கேட்கும். தெலோனியஸ் மங்க் வாசித்ததைக் கேட்டால் இது நன்றாகத் தெரியும். அடுத்தடுத்த கட்டைகளைச் சேர்த்து இடிப்பார். தப்பாக வாசிக்கிறாரோ என்று முதல் முறை எனக்குத் தோன்றியது. அந்த இடிப்பைப் பத்து தரம் கேட்டபிறகுதான் அதில் ஒரு குரல் இருப்பது பிடிபட்டது.

இந்தச் சண்டையை நம்மவர்களும் போட்டிருக்கிறார்கள், ஆர்மோனியத்தை வைத்து. பிரான்சில் 1842-இல் டெபேன் உரிமம் பெற்ற அந்தப் பெட்டி இந்தியாவுக்கு வந்து, கையால் துருத்தி அமுக்கும் உருவமாக மாறி, நாடகக் கொட்டகை, பஜனை மடம் என்று எங்கும் பரவியது. எஸ். ஜி. கிட்டப்பா பாடும்போது அவர் அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்த கதை நாடக ரசிகர்களுக்குத் தெரியும். பாடகர் ஒரே வரியை விதவிதமாகச் சுற்றிப் பாட, பெட்டிக்காரர் எந்தத் தாளும் இல்லாமல் பின்னாலேயே ஓடவேண்டும். அதுவும் உடனுக்குடன் உருவாக்கும் வித்தைதான். ஆனால் கமகம் வராத பெட்டி, இசையைக் கெடுக்கிறது என்ற குறை வலுத்து, அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971-இல்தான் அது தளர்ந்தது. முப்பது வருஷம்! தடை போட்டவர்கள் சொன்ன குறை உண்மைதான். ஆனால் புளூஸ் பியானோக்காரர்கள் அதே குறையை வைத்துக்கொண்டு ஒரு புது வாசிப்பையே உண்டாக்கினார்கள். தடையைவிட அது எனக்குப் பிடித்த பதில்.

கட்டைகளுக்கு இடையே என்ன இருக்கிறது என்பதைக் கணக்காகத் தேடியவர் ஒருவரும் நம்மிடம் உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1917-இல் வெளிவந்த அவருடைய 'கருணாமிர்த சாகரம்', சிலப்பதிகாரத்தை ஆதாரமாகக் கொண்டு 24 சுருதி என்று வாதிடுகிறது. பன்னிரண்டு கட்டைக்கு இருபத்து நான்கு. அவர் முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. கேள்வி மட்டும் பாட்டியின் 'க' இருக்கும் இடத்தில்தான் நிற்கிறது.

சரி, இதை எப்படிக் கற்றார்கள்? இதுதான் நான் தேடிப்போன விஷயம். பள்ளி கிடையாது, பாடநூல் கிடையாது.

அன்று காகிதச் சுருள் போட்டால் தானாகவே வாசிக்கும் பியானோ அமெரிக்கப் பட்டணங்களில் நிறைய இருந்தது. சுருளில் துளைகள் இருக்கும், துளை வரும்போது கட்டை தானே கீழே இறங்கும். வாஷிங்டனில் 1899-இல் பிறந்த டியூக் எலிங்டன், ஜேம்ஸ் பி. ஜான்சனின் 'கரோலினா ஷவுட்' சுருளை மெதுவாக ஓடவிட்டு, இறங்கும் கட்டைகளின் மேல் தன் விரல்களை வைத்து அதை மனப்பாடம் செய்தார். ஃபேட்ஸ் வாலரும் சுருளைப் பார்த்துக் கற்றவர்தான். குருவின் கை கண்ணுக்குத் தெரியாது, கட்டை மட்டும் இறங்கும். ஏகலைவனுக்காவது ஒரு மண் சிலை இருந்தது.

பிறகு இசைத்தட்டு வந்தது. சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் பதினாறு வயதில் கன்சாஸ் சிட்டி மேடையில் அவமானப்பட்டார். தாளக்காரர் சிம்பலைத் தரையில் எறிந்து அவரை நிறுத்தினார் என்பார்கள். 1937 கோடையில் மலைப்பக்கம் ஒரு வேலைக்குப் போனவர், லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கையோடு கொண்டுபோய் அந்த வாசிப்பைச் சுரம் சுரமாகப் பாடம் பண்ணித் திரும்பினார். பியானோவில் லெனி டிரிஸ்டானோ. பார்வையற்றவர். ஜாஸ் வாசிப்பை முறைப்படி சொல்லிக்கொடுத்த முதல் ஆசிரியர்களில் ஒருவர். மாணவர்களிடம் முதலில் தட்டிலுள்ள வாசிப்பை வாயால் பாடச் சொல்வார். பாடிய பிறகுதான் வாத்தியத்தைத் தொடலாம். நம் ஊர்ப் பாட்டு வாத்தியார் இதைக் கேட்டால் 'இதில் என்ன புதுசு' என்பார். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று வருஷக்கணக்காக அடுத்தவர் பாடியதைப் பாடிய பிறகுதானே கல்பனாசுரம் பாட விடுவார்கள்? சிலப்பதிகார உரையில் வரும் ஆளத்தி என்ற சொல்லுக்குப் பின்னாலும் இப்படியொரு நீண்ட பயிற்சி இருந்திருக்கத்தான் வேண்டும்.

'உடனுக்குடன்' என்றாலே நம் மாணவர்கள் 'ஒன்றுமில்லாததிலிருந்து' என்று நினைத்துக்கொள்கிறார்கள். தமிழ் படிப்பவருக்கு இந்தக் குழப்பம் வரக்கூடாது. நால்வகைக் கவியில் முதலில் நிற்பது ஆசுகவி. காளமேகத்துக்குக் கடைசி வார்த்தையை யாரோ கொடுத்தால் வெண்பா வந்து விழும். ஏன் விழுகிறது? வெண்பாவின் தளை அவர் நாக்கில் ஊறிக் கிடக்கிறது. எதுகை மோனைக்கு ஏற்ற நூற்றுக்கணக்கான தொடர்கள் கைவசம் இருக்கின்றன. புளூஸ்காரருக்குப் பன்னிரண்டு அளவு எப்படியோ, காளமேகத்துக்கு நாலடி வெண்பா அப்படி. இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதி 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட தம் ஆங்கில நூலில், சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை வாய்மொழிப் பாணரின் கையிருப்பாகப் பார்த்தார். சங்கப் பாட்டு முழுக்க வாய்மொழிதானா என்று அதற்கு மறுப்பும் வந்தது. இருந்தாலும் கையிருப்புத் தொடர் என்ற கருத்தை ஜாஸ் பியானோவில் வைத்துப் பாருங்கள், அச்சாகப் பொருந்தும். ஒவ்வொரு பியானோக்காரரிடமும் சின்னச் சின்னச் சுரத்தொடர்கள் கை நிறைய இருக்கும். இன்று மேடையில் எதை எங்கே வைக்கிறார் என்பதுதான் புதுசு.

இந்த இரண்டு உலகமும் நேருக்கு நேர் சந்தித்த சம்பவங்களும் உண்டு. பியானோக் கலைஞர் டேவ் புரூபெக் 1958-இல் அமெரிக்க அரசு அனுப்பிய சுற்றுப்பயணத்தில் மதராஸுக்கும் வந்தார். அங்கே மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார். 1963-இல் எலிங்டனின் குழுவும் மதராஸ், கொழும்பு வரை வந்துபோனது. அந்த அனுபவத்திலிருந்து 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்' பிறந்தது. இடையில் 1959-இல் மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஆஃப் புளூ' பதிவு செய்தார். பில் எவன்ஸ் பியானோ. அதில் 'சோ வாட்' என்ற உருப்படியில் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே இருக்காது. ஒரே சுர வரிசையில் நெடுநேரம் நின்று வாசிப்பார்கள். மேற்கத்தியர் டோரியன் என்பார்கள், நமக்குக் கரகரப்பிரியாவின் சுரங்கள். லிடியன் என்றால் கல்யாணி, மிக்ஸோலிடியன் என்றால் அரிகாம்போதி. கர்நாடக இசை கற்ற மாணவர் ஜாஸுக்குப் போனால் இந்த வாசல் வழியாகப் போவது சுலபம்.

அப்படிப் போன தமிழ்ப் பிள்ளை ஒருவரைச் சொல்லியாக வேண்டும். விஜய் ஐயர். 1971-இல் நியூயார்க் மாநிலத்தில், தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். மூன்று வயதிலிருந்து பதினைந்து வருஷம் வயலின் முறையாகக் கற்றார், தாள் பார்த்து. வீட்டில் அக்காவின் பியானோ இருந்தது. அதில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் காதால் கேட்டுத் தட்டித் தட்டிக் கற்றார். கடைசியில் முறையாகக் கற்றது ஓரமாக நின்றது, தட்டிக் கற்றது வாழ்க்கையானது. யேலில் கணிதமும் இயற்பியலும் படித்தவர், 1998-இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க இசையை உடல் எப்படி அறிகிறது என்பது ஆய்வு. இசையை மூளை மட்டும் புரிந்துகொள்வதில்லை, கையும் காலும் மூச்சும் சேர்ந்துதான் புரிந்துகொள்கின்றன என்ற பார்வை அது. 2011-இல் கித்தார் கலைஞர் பிரசன்னா, தபலா கலைஞர் நிதின் மித்தா இருவரோடும் 'தீர்த்தா' வெளியிட்டார். 2013-இல் மெக்கார்தர் நல்கை, 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். மங்க்தான் தனக்குப் பெரிய ஆதர்சம் என்று சொல்பவர். கட்டைகளை இடித்து வாசித்த அதே மங்க்.

நம் நாட்டிலும் ஆள் இல்லாமல் இல்லை. பினாங்கின் ஜிம்மி பாயில் பியானோவில் ஜாஸும் மலாய்ப் பாட்டும் கலந்து மெட்டமைத்தவர். லூயிஸ் பிரகாசம் 1979-இல் ஏசியாபீட் குழுவைத் தொடங்கினார். கோலாலம்பூர் ஜாஸ் மேடைகளில் மைக்கல் வீரப்பன் பியானோ வாசித்தார். ஆனால் தோட்டத்துப் பாட்டையும் ஜாஸ் பியானோவையும் சேர்த்துப் பார்த்த வேலை நம்மிடம் குறைவு என்பது என் எண்ணம். ஒப்பாரி பாடியவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். என் பாட்டியின் குரலை யாரும் பதிவு செய்யவில்லை. நானும் செய்யவில்லை. அப்போது கைப்பேசி என் கையில்தான் இருந்தது.

போன தவணையில் நான்காம் படிவ வகுப்பில் நாட்டுப்புறப் பாடல் நடத்தும்போது இதைச் செய்து பார்த்தேன். மேசையில் தாளம் தட்டச் சொல்லி, ஒரு வரியை இரண்டு முறை சொல்லிவிட்டு மூன்றாவதைச் சொந்தமாக முடிக்கணும் என்றேன். முதல் பத்து நிமிஷம் வெறும் சிரிப்பு. பிறகு பின்வரிசைப் பையன் ஒருவன், "பஸ்ஸு வரலை டீச்சர், இன்னிக்கும் பஸ்ஸு வரலை" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, "அப்பா மோட்டார அடகுலருந்து மூட்டலை" என்று முடித்தான். வகுப்பு அமைதியாகிவிட்டது. அவன் கட்டுரையில் ஒரு பத்தியைத் தாண்டி எழுதாதவன். தேர்வுக்கு இது நேரடியாக உதவுமா என்று சக ஆசிரியர் கேட்டார். வாய்மொழி இலக்கியக் கூறுகள் பற்றிய கேள்விக்கு அந்த வகுப்பு எழுதிய விடைகளை அவரிடமே காட்டினேன். அதற்குமேல் வாதாடவில்லை.

கீபோர்டுக்கு மறுபடி வருகிறேன். இப்போது இடது கையில் பன்னிரண்டு அளவு தடுமாறாமல் ஓடுகிறது. வலது கையில் இரண்டு மூன்று தொடர்கள்தான் இருக்கின்றன, அதுவும் இசைத்தட்டிலிருந்து பாடிப் பாடிப் பிடித்தவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் மெட்டை அந்தச் சட்டத்தின்மேல் வைத்து, 'க' வரும் இடத்தில் கருப்பிலிருந்து வெள்ளைக்கு விரலை வழுக்கவிட்டேன். அம்மா அடுப்படியில் இருந்தார். கரண்டிச் சத்தம் நின்றது. வாசலில் வந்து நின்று கொஞ்சம் கேட்டுவிட்டு, "கிட்ட வந்துட்ட. ஆனா ரெண்டாவது தடவ சொல்றப்ப ஆத்தா அந்த எடத்துல ஒரு மூச்சு விடும். நீ விடல" என்றார். மறுபடி முதல் அளவிலிருந்து ஆரம்பித்தேன்.